குதிரைக்குப் பெயர் உண்டு, சிறுவனுக்குப் பெயர் இல்லை

ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் நிலத்தை விட்டு மேலெழுகின்றனவா? 150 வருடங்களுக்கு முன்னர் இந்தக் கேள்விக்கு ஆதாரத்தோடு பதில் சொல்ல எவராலும் முடியவில்லை. குதிரையோடு பிறந்து வளர்ந்த சமூகங்களுக்குள்ளேயும் ஆளுக்கொரு கருத்துத்தான் இருந்தது. நெடுந்தீவில் குதிரைகள் ஓடுவதை நின்று பார்த்தவர்களுக்கு இதன் காரணம் விளங்கும். கால்கள் கலங்கலாகத் தெரியும். எந்தக் கால் எந்த நொடியில் மண்ணைத் தொடுகிறது என்பது மட்டும் கண்ணுக்கு அகப்படாது.

அந்தக் கேள்விக்குப் பதில் கொண்டுவந்தவர் ஓர் ஒளிப்படக்காரர். பெயர் எட்வேர்ட் மைபிரிட்ஜ். செய்திப்படம் எடுப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்பதால் அவருடைய குதிரைப்படங்களை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். இந்தத் தொழிலின் வரலாற்றைச் சொல்லும் புத்தகங்களில் அவை தவறாமல் இருக்கும். ஆனால் அவருடைய வாழ்க்கையை முழுதாக வாசித்தபோது என்னை நிறுத்தி யோசிக்க வைத்தவை வேறு. அவருடைய வாழ்க்கையில் வந்துபோன படங்களின் கீழும் பின்னாலும் எழுதப்பட்ட சொற்கள், எழுதப்படாமல் விடப்பட்ட பெயர்கள், அவற்றால் விளைந்தவை. இடம்பெயர்வுகளில் குடும்ப அல்பங்களை இழந்து, மிஞ்சிய ஒன்றிரண்டு படங்களைப் பொலித்தீன் பைக்குள் சுற்றிக் காப்பாற்றிய மக்கள் நாங்கள். இந்த மனிதரின் கதையில் எங்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

மைபிரிட்ஜ் 1830 ஏப்ரல் 9 ஆம் திகதி இங்கிலாந்தில், தேம்ஸ் நதிக்கரையிலுள்ள கிங்ஸ்டன் நகரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் எட்வர்ட் ஜேம்ஸ் மகரிட்ஜ். தகப்பன் தானியமும் நிலக்கரியும் விற்றவர். மகனுக்கு 13 வயதானபோது அவர் இறந்துவிட்டார். இளைஞனான எட்வர்ட் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, தங்கம் தேடிப்போனவர்களால் பெருத்துக்கொண்டிருந்த சான் பிரான்சிஸ்கோவில் புத்தகக் கடை வைத்தார். போகப்போகத் தன் பெயரின் எழுத்துக்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார். கிங்ஸ்டனில் பழங்கால அரசர்கள் முடிசூடியதாகச் சொல்லப்படும் கல்லொன்று இருக்கிறது. அதன் பீடத்தில் பொறித்திருந்த அரசர் பெயரொன்றின் பழைய எழுத்துக்கூட்டலையே இறுதியில் தன் முதற்பெயராக்கிக்கொண்டார்.

குதிரைகள் அவருடைய வாழ்க்கைக்குள் முதலில் வந்தது கேட்டைக் கொண்டுதான். 1860 இல் இங்கிலாந்துக்குத் திரும்பும் நோக்கத்தோடு, அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் குதிரைவண்டியில் ஏறினார். டெக்சாஸ் மாநிலத்தில் குதிரைகள் கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கின. வண்டி மோதிச் சிதறியது. உயிரிழப்பும் நேர்ந்தது. மைபிரிட்ஜ் தூக்கி எறியப்பட்டுத் தலையில் பலத்த காயமடைந்தார். பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. மணமும் சுவையும் தெரியாமற் போயின. வழக்குப் போட்டு நட்டஈடு பெற்றார். நீண்டகாலம் இங்கிலாந்தில் வைத்தியம் செய்தார். காயத்துக்குப் பின்னர் ஆளின் குணமே மாறிவிட்டது என்று நண்பர்கள் பின்னாளில் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். தலையில் ஷெல் துண்டோடும் மாறிப்போன குணத்தோடும் வாழ்கிற உறவுகளை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1860களின் பிற்பகுதியில் சான் பிரான்சிஸ்கோவுக்குத் திரும்பியபோது அவர் ஒளிப்படக்காரராகியிருந்தார். அந்நாளில் இது பாரம் சுமக்கும் தொழில். கண்ணாடித் தகட்டில் இரசாயனத்தைப் பூசி, அது காய்வதற்கிடையில் கமராவுக்குள் வைத்துப் படமெடுத்து, உடனேயே இருட்டுக் கூடாரத்துக்குள் கழுவ வேண்டும். யொசெமிட்டி பள்ளத்தாக்கின் மலைகளுக்குக் கோவேறு கழுதைகளில் தகடுகளையும் போத்தல்களையும் ஏற்றிக்கொண்டு போனார். ஹீலியோஸ் என்ற புனைபெயரில் அந்தப் படங்கள் விற்பனையாகின. அக்காலத் தகடுகளில் வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். வேறொரு நாளில், வேறோர் இடத்தில் எடுத்த முகில்களை அதற்குள் சேர்த்து அச்சிடுவது அவருடைய வழக்கம். வாங்கியவர்கள் ஒரே படமென்றுதான் நினைத்தார்கள்.

குதிரைமீது தீராத ஆசை கொண்ட ஒருவர் 1872 இல் அவரைத் தேடினார். லீலண்ட் ஸ்டான்போர்ட், கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநர். சீனத் தொழிலாளர்கள் மலையைக் குடைந்து அமைத்த சென்ட்ரல் பசிபிக் ரயில் பாதையால் பெரும் செல்வந்தரானவர். பந்தயக் குதிரைகளை வளர்ப்பதோடு நில்லாமல், அவை எப்படி ஓடுகின்றன என்பதை அறிந்து பயிற்றுவிக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். ஒரு காலத்தில் வண்டி இழுத்த ஒக்சிடென்ட் என்ற குதிரை அவரிடம் வந்து புகழ்பெற்ற ஓட்டக் குதிரையாகியிருந்தது. அது ஓடும்போது படமெடுத்துத் தரும்படி மைபிரிட்ஜைக் கேட்டார். இதில் 25,000 டொலர் பந்தயம் இருந்ததாக ஒரு கதை பரவலாக உண்டு. அதை உறுதிப்படுத்தும் அக்கால ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. பல நொடிகள் மூடியைத் திறந்துவைத்துப் படமெடுத்த காலத்தில், ஓடும் குதிரையைப் பிடிப்பது நடவாத காரியமாகத் தெரிந்தது. முதல் முயற்சிகளில் நிழலுருவம் போன்ற மங்கலான படங்களே கிடைத்தன.

அந்த வேலை முடியும் முன்னரே, 1873 இல், அமெரிக்க இராணுவம் அவரைப் போர்க்களமொன்றுக்கு அழைத்தது. கலிபோர்னியாவுக்கும் ஒரேகனுக்கும் இடையிலான எல்லைப் பகுதி மோடொக் மக்களின் பூர்வீக நிலம். அவர்களை அங்கிருந்து எழுப்பி, வேறொரு இனக்குழுவின் நிலத்தில் ஒதுக்கப்பட்ட பகுதியில் குடியேற்றியது அரசாங்கம். அங்கே வாழ முடியாமல் ஒரு பகுதியினர் சொந்த ஆற்றங்கரைக்குத் திரும்பி வந்தார்கள். அவர்களை மீண்டும் எழுப்புவதற்கு 1872 இறுதியில் படை வந்தது. கிட்டத்தட்ட 60 போராளிகள், பெண்களோடும் பிள்ளைகளோடும், எரிமலைப் பாறைக் குகைகளுக்குள் ஒதுங்கி, தங்களைவிடப் பல மடங்கு பெரிய படையை மாதக்கணக்கில் தடுத்து நின்றார்கள். சமாதானப் பேச்சின்போது இராணுவ ஜெனரல் ஒருவரை மோடொக்குகள் கொன்றார்கள். அதன்பின் படை பெருகியது. அவர்களுடைய தலைவர் கின்ட்புவாஷ், வெள்ளையர் வாயில் கப்டன் ஜக், 1873 ஒக்டோபரில் மூன்று தோழர்களோடு தூக்கிலிடப்பட்டார். எஞ்சிய 150 பேரளவில் வெகு தொலைவிலுள்ள ஒக்லஹோமாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள்.

மைபிரிட்ஜ் இந்தப் போரைப் படையின் பக்கத்திலிருந்தே பார்த்தார். கூடாரங்கள், அதிகாரிகள், பாறை வெளி, எல்லாவற்றையும் எடுத்தார். அவற்றுள் அதிகம் அறியப்பட்ட படத்தில், பாறைக்குப் பின்னால் ஒருவர் துப்பாக்கியைக் குறிவைத்துப் படுத்திருக்கிறார். போருக்குக் கிளம்பிய மோடொக் வீரன் என்ற தலைப்போடு அந்தப் படம் விற்பனைக்குப் போனது. படத்திலிருப்பவர் மோடொக் இனத்தவரே அல்லர். இராணுவத்துக்கு வேவு பார்ப்பதற்காக அழைத்து வரப்பட்டிருந்த வோர்ம் ஸ்பிரிங்ஸ் மக்களில் ஒருவர். கமராவுக்காக அப்படிப் படுக்கச் சொன்னார்கள். மோடொக்குகளை நேரில் கண்டிராத நகரத்து மக்கள் அந்த முகத்தைப் பார்த்துத்தான் எதிரி இப்படி இருப்பான் என்று மனதில் பதித்துக்கொண்டார்கள். குகைக்குள் இருந்தவர்கள் தங்கள் பக்கத்தைக் காட்டுவதற்கு ஒரு கமராவும் அங்கே இருக்கவில்லை.

மறு வருடம் இன்னொரு படம் அவருடைய வாழ்க்கையையே புரட்டிப்போட்டது. அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்னர் அவர் தன்னிலும் 20 வயதளவு இளையவரான புளோரா என்ற பெண்ணை மணந்திருந்தார். 1874 ஏப்ரலில் ஆண்குழந்தை பிறந்தது. புளோராடோ என்று பெயர். அந்த ஒக்டோபரில், பிரசவம் பார்த்த மருத்துவிச்சியின் வீட்டில் குழந்தையின் படமொன்றை மைபிரிட்ஜ் கண்டார். பின்னால் மனைவியின் கையெழுத்தில் சின்ன ஹரி என்றிருந்தது. ஹரி லார்கின்ஸ் என்பவர் நாடக விமர்சனம் எழுதிய பத்திரிகைக்காரர், குடும்பத்துக்கு அறிமுகமானவர். மைபிரிட்ஜ் படகேறி, ரயிலேறி, கலிஸ்டோகாவில் குதிரைவண்டி பிடித்து, லார்கின்ஸ் தங்கியிருந்த சுரங்க வீட்டுக்கு இரவில் போய், கதவருகே அவரைச் சுட்டுக் கொன்றார். அன்று 1874 ஒக்டோபர் 17.

வழக்கு 1875 பெப்ரவரியில் நாபா நகரில் நடந்தது. வண்டி விபத்தில் பட்ட தலைக்காயத்தைக் காட்டி, சித்தம் கலங்கியவர் என்று சட்டத்தரணிகள் வாதிட்டார்கள். ஜூரிகள் அதை ஏற்கவில்லை. ஆனாலும் மனைவியோடு உறவு வைத்தவனைக் கணவன் கொன்றது நியாயமே என்று கருதி விடுதலை செய்தார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை, ஊர் வழக்கந்தான் அப்படிச் சொன்னது. கொலைக்கு ஒரு நாள் தண்டனைகூட இல்லை. மைபிரிட்ஜ் மத்திய அமெரிக்காவுக்குப் படமெடுக்கப் புறப்பட்டுப் போனார். புளோரா அதே வருடம் நோயுற்று இறந்தார். குழந்தை அநாதை இல்லத்துக்குப் போனது. புளோராடோ கூலி வேலைகள் செய்து வாழ்ந்து, 1944 இல் வாகனம் மோதி இறந்தார். வளர்ந்த பின் எடுத்த அவருடைய படங்களைப் பார்த்தவர்கள், முகச்சாயல் மைபிரிட்ஜைப் போலவே இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். பின்பக்கத்து எழுத்தை நம்பிய தகப்பன் முன்பக்கத்து முகத்தை நின்று பார்க்கவில்லை.

இத்தனைக்கும் பின்னர்தான் அந்தப் புகழ்பெற்ற குதிரைப்படங்கள் வந்தன. 1877 இல் ஒக்சிடென்ட் ஓடும் படமொன்றை மைபிரிட்ஜ் வெளியிட்டார். எடுத்த தகட்டைப் பார்த்து ஓர் ஓவியர் வரைந்ததை மறுபடி படமெடுத்த பிரதி அது. ஓட்டுநரின் முகம் தனியாக ஒட்டப்பட்டிருந்தது. பத்திரிகைக்காரர்கள் நம்பவில்லை. நம்பாதது சரிதான்.

மைபிரிட்ஜ் அதற்குப் பதில் சொன்ன முறையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். 1878 ஜூன் 15 ஆம் திகதி, பாலோ அல்டோவிலிருந்த ஸ்டான்போர்டின் குதிரைப் பண்ணைக்குப் பத்திரிகையாளர்களையும் குதிரை தெரிந்தவர்களையும் அழைத்தார். ஓட்டப் பாதையின் ஒருபுறம் 12 கமராக்கள் 27 அங்குல இடைவெளியில் வரிசையாக நின்றன. எதிர்ப்புறத்தில் எண்ணிட்ட கோடுகளோடு வெள்ளைத் திரை. முதலில் ஏப் எட்ஜிங்டன் என்ற குதிரை சிறுவண்டியை இழுத்துக்கொண்டு ஓடியது. சக்கரம் நிலத்திலிருந்த கம்பிகள்மேல் ஏற ஏற, மின்சாரத்தால் ஒவ்வொரு கமராவின் கதவும் திறந்து மூடியது. கதவு திறந்திருந்த நேரம் ஒரு நொடியின் 2,000 இல் ஒரு பங்கிலும் குறைவு என்று மைபிரிட்ஜ் கணக்குச் சொன்னார். அடுத்து சலி கார்ட்னர் என்ற பெண்குதிரை நாலுகால் பாய்ச்சலில் வந்தது. பாதைக்குக் குறுக்கே கட்டியிருந்த நூல்களை அதன் மார்பு அறுக்க அறுக்கப் படங்கள் விழுந்தன. தகடுகளை வந்தவர்களின் முன்னாலேயே கழுவிக் காட்டினார். நூல் பட்டு மிரண்ட சலி கார்ட்னர் துள்ளியபோது சேணத்தின் வார் அறுந்தது. அறுந்த வாரும் படத்தில் இருந்தது. அதன்பின் எவரும் சந்தேகம் கேட்கவில்லை.

பதில் தெளிவாக இருந்தது. நான்கு கால்களும் நிலத்தை விட்டு எழும்புகின்றன. ஆனால் ஓவியர்கள் வரைந்ததுபோல முன்கால்கள் முன்னுக்கும் பின்கால்கள் பின்னுக்கும் நீண்டிருக்கும்போது அல்ல. பாய்ச்சலில் கால்கள் நான்கும் வயிற்றுக்குக் கீழே மடங்கிச் சேர்ந்திருக்கும் கணத்திலேயே குதிரை அந்தரத்தில் இருக்கிறது. எப்சம் குதிரைப் பந்தயத்தைப் பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821 இல் வரைந்த புகழ்பெற்ற ஓவியம் உட்பட, தலைமுறை தலைமுறையாக வரைந்த பாயும் குதிரைகள் பிழையென்று ஒரே நாளில் நிரூபணமானது. அந்த ஒக்டோபரில் சயன்டிபிக் அமெரிக்கன் இதழ் அட்டையிலேயே இந்த வரிசையை வரைந்து வெளியிட்டது. அடுத்த வருடம் கமராக்கள் 24 ஆகின. படங்களிலிருந்து வரைந்த உருவங்களைக் கண்ணாடி வட்டத்தில் சுழற்றித் திரையில் ஓடவைக்கும் கருவியையும் மைபிரிட்ஜ் செய்தார். சினிமா பிறப்பதற்கு முன்னரே குதிரை திரையில் ஓடியது.

பண்ணையும் குதிரையும் பணமும் ஸ்டான்போர்டுடையவை. கண்டுபிடிப்பு யாருடையது? 1882 இல் மைபிரிட்ஜ் லண்டனில் அறிஞர்கள் முன்னால் பாராட்டுப் பெற்றுக்கொண்டிருந்த வேளையில், ஸ்டான்போர்டின் ஆதரவோடு ஒரு புத்தகம் வெளியானது. ஓடும் குதிரையைப் பற்றியது, பெரும்பாலும் அவருடைய படங்களைப் பார்த்து வரைந்த சித்திரங்களோடு. எழுதியவர் மருத்துவர் ஸ்டில்மன். தலைப்புப் பக்கத்தில் மைபிரிட்ஜின் பெயர் இல்லை. அதைக் கண்ட ரோயல் சொசைட்டி, அவருடைய ஆய்வுக் கட்டுரையை வெளியிடும் முடிவைக் கைவிட்டது. வழக்குப் போட்டார். தோற்றார். மோடொக் வீரன் என்று வேறொருவரின் முகத்துக்குத் தலைப்பிட்ட படத்தை விற்றவர், தன் பெயரே அழிக்கப்பட்டதும் துடித்துப்போனார்.

அதன்பின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. 1884 முதல் மனிதர்களையும் விலங்குகளையும் படமெடுத்து, 1887 இல் 781 தகடுகள் கொண்ட பெருந்தொகுப்பாக வெளியிட்டார். மொத்தம் கிட்டத்தட்ட 20,000 படங்கள். ஓடுபவர், படியேறுபவர், கல் தூக்குபவர், குழந்தையைத் தூக்கும் பெண் என்று அன்றாட அசைவுகளெல்லாம் அதில் உண்டு. மருத்துவ மாணவர்களும் ஓவியர்களும் இன்றுவரை பயன்படுத்துகிறார்கள். ஆய்வாளர்கள் பின்னாளில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, சில வரிசைகளில் விடுபட்ட இடங்களை வேறு படங்களால் நிரப்பி, தொடர்ச்சிபோல எண்ணிட்டிருந்ததும் தெரியவந்தது.

அந்தத் தொகுப்பில் ஆஸ்பத்திரி நோயாளிகளும் இருக்கிறார்கள். இரண்டு கால்களும் இல்லாத சிறுவன் ஒருவன் கதிரையில் ஏறி இறங்குகிறான். கைகளை ஊன்றி உடலைத் தூக்கும் அவனுடைய வலுவும் கவனமும் ஒவ்வொரு கட்டத்திலும் தெளிவாகத் தெரிகின்றன. எங்கள் ஊர்களில் இப்படி ஏறி இறங்கப் பழகிய பிள்ளைகள் எத்தனை பேர். இதே தொகுப்பில் குதிரைகளுக்குப் பெயர் இருக்கிறது. பாய்ச்சலில் போகும் குதிரை அனி ஜி., தடை தாண்டும் குதிரை டெய்சி. படத்துக்கு நின்ற மனிதர்களுக்கு எண்கள் கொடுக்கப்பட்டன. நோயாளிகளுக்கு நோயோ ஊனமோதான் அடையாளம். அந்தச் சிறுவனும் கால்களற்ற சிறுவனாகவே வரலாற்றில் நிற்கிறான். குதிரைகளின் பெயரைக் கேட்டு எழுதியவர்களுக்கு, அவனுடைய பெயரையும் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

1894 இல் மைபிரிட்ஜ் இங்கிலாந்துக்குத் திரும்பினார். விலங்குகளின் அசைவைப் பற்றி 1899 இலும் மனித அசைவைப் பற்றி 1901 இலும் புத்தகங்கள் வெளியிட்டார். 1904 மே 8 ஆம் திகதி, பிறந்த ஊரான கிங்ஸ்டனிலேயே காலமானார். கருவிகளையும் படங்களையும் அந்த ஊருக்கே எழுதிவைத்திருந்தார். அவருடைய நினைவுக்கல்லில் பெயரைப் பிழையாக மேபிரிட்ஜ் என்று பொறித்துவிட்டார்கள். வாழ்நாள் முழுதும் தன் பெயரைத் திருத்தித் திருத்தி எழுதிய மனிதருக்குக் கடைசியாகக் கிடைத்தது அதுதான்.

மைபிரிட்ஜின் வாழ்க்கையில் கமரா இரண்டு வேலைகளையும் செய்தது. கண்ணால் காண முடியாத உண்மையைக் காட்டியது. கண் முன்னால் இருந்தவரை வேறொருவராகவும் காட்டியது. குதிரைப்படங்களை உலகம் நம்பியதற்குக் காரணம், எந்த நாள், எந்த இடம், எந்தக் குதிரை, யார் ஓட்டியது, எத்தனை கமரா என்பதெல்லாம் எழுதிவைக்கப்பட்டதும், நேரில் கண்ட சாட்சிகள் இருந்ததும். மோடொக் படத்தில் தவறியது அந்த விபரந்தான். கமரா அங்கேயும் ஒழுங்காகவே வேலை செய்தது.

எங்கள் படங்கள் சந்தேகிக்கப்படுவது எங்களுக்குப் புதிதல்ல. அதனால் ஒரு வேண்டுகோள். வீட்டில் எஞ்சியிருக்கும் படங்களை ஒருமுறை வெளியே எடுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், படத்தில் இருப்பவரின் முழுப்பெயர், இடம், திகதி, எடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். தெரியாததை ஊகித்து எழுத வேண்டாம், வெற்றிடமாக விடுங்கள். பின்னர் இரண்டு பக்கங்களையும் படமெடுத்து, பிரதிகளை வேறு வேறு வீடுகளில் வையுங்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் குந்திய நாளிலிருந்து பிள்ளைகளின் படங்களை ஏந்தி நிற்கும் தாய்மாரில் பலர், பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பிறகு அந்தப் படங்களைக் கையிலெடுக்கும் பேரப்பிள்ளைக்கு, இது யார் என்று சொல்லித்தர ஆள் இருக்காது. படத்தின் பின்னால் எழுதிய பெயர் இருக்கும்.